சிலம்பின் பரல்களும் ஒரு சான்றிதழும்

நண்பர் ஒருவர் தம் கவிதைத் தொகுதிக்கு முன்னுரை கேட்டுக் கையெழுத்துப் பிரதியை அனுப்பியிருந்தார். 42 கவிதைகள். அவற்றில் 11 இடங்களில் 'வைரம்' வருகிறது. பனித்துளி வைரம், கண்ணீர் வைரம், ஓரிடத்தில் மௌனமும் வைரம். தூய்மை, கடினம், ஒளி என்ற மூன்றையும் ஒரே சொல்லில் முடித்துக்கொள்ள வேண்டியிருந்தபோதெல்லாம் அவர் அந்தச் சொல்லிடம் போயிருக்கிறார். இதை ஒரு குறையாகக் குறித்து அனுப்பிவிட்டு என் வேலையைப் பார்த்திருக்கலாம். ஆனால் அதே வாரத்தில் அக்கா மகளின் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீராக ஒரு வைர மூக்குத்தி வாங்க வேண்டி வந்தது. திருநெல்வேலியில் ஒரு கடை. "இந்தக் கல் எந்த ஊர்?" என்று கேட்டேன். எங்கள் பக்கத்தில் மனிதர்களிடம் முதலில் கேட்கிற கேள்வி இதுதான். பழக்கத்தில் கல்லுக்கும் வந்துவிட்டது. "சூரத்து, சார்" என்றான் பையன். சூரத்தில் வைரம் தோண்டுவதில்லை, பட்டைதான் தீட்டுகிறார்கள் என்றேன். அவன் ஒரு சான்றிதழை எடுத்து நீட்டினான். எடை, நிறம், தெளிவு, வெட்டு நான்கும் அதில் இருந்தன. ஊர் இல்லை. பணத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

இந்தக் கட்டுரை அந்தச் சான்றிதழைப் பற்றியது. நான் எழுதாமல் வைத்திருக்கும் முன்னுரையைப் பற்றியதும்தான்.

வைரத்தின் நான்கு குணங்களைப் பட்டியலிடுவது வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையைப் பார்க்கலாம். மதுரையின் மணிக்கடை வீதி. கோவலன் கடைசி நாளுக்கு முன்னால் ஊர் சுற்றிப் பார்க்கிறான். இளங்கோ அங்கே நவமணிகளையும் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். வைரத்துக்கு வரும்போது காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று நான்கு குற்றங்களின் பெயர்களைச் சொல்லி, அவை நீங்கிய கல் என்கிறார். அடியார்க்குநல்லார் அந்த இடத்தில் உட்கார்ந்து விரிவாக உரை எழுதுகிறார். குற்றம் என்ற சொல்லைக் கவனியுங்கள். நம் மரபில் கல்லுக்குக் குற்றம் உண்டு. ஆனால் அந்தக் குற்றம் கல்லுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. கல்லை எடுத்தவனுக்கு என்ன நேர்ந்தது என்பது குற்றப் பட்டியலில் ஐந்தாவதாக இடம்பெறவில்லை. கடையில் எனக்கு நீட்டப்பட்ட காகிதத்திலும் அது இல்லை. இடையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கழிந்திருக்கின்றன.

ஊர் கேட்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் கருவூல அதிகாரி முத்துகளையும் மணிகளையும் பிறந்த இடத்தை வைத்தே பிரிக்கிறான். முத்துகளின் பட்டியலில் தாமிரபரணியின் பெயரால் ஒரு வகை இருக்கிறது. பாண்டிய கவாடத்தின் பெயரால் ஒன்று. வைரங்களுக்கும் நாட்டுப் பெயர்கள் உண்டு. சுரங்கம், நீரோட்டம் என்று அவை கிடைக்கும் இடங்களும் சொல்லப்படுகின்றன. அதாவது ஊர் என்பது தரத்தின் அடையாளம். திருநெல்வேலி அல்வா, மணப்பாறை முறுக்கு என்கிறோமே, அந்த அர்த்தத்தில். அந்த ஊரில் யார், எந்த நிலையில், எதற்காக அதை எடுத்தார்கள் என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்விக்கு நம் பொருள்நூலிலும் இடமில்லை, காவியத்திலும் இல்லை.

இப்போது சிலம்புக்கு வருகிறேன். இந்தக் காவியத்தைப் பற்றிப் பண்டிதர்கள் எழுதிக் குவித்திருப்பதில், நான் பார்த்தவரை, ஒரு விஷயம் போதிய அளவு பேசப்படவில்லை. சிலப்பதிகாரம் அடிப்படையில் ஒரு நகை கைமாறுவதைப் பற்றிய கதை. நகை விற்கப்பட வேண்டும். விற்க வந்தவன் யார் என்று தெரியாது. நகை யாருடையது என்று ஒருவன் சான்று சொல்ல வேண்டும். சான்று சொல்லும் இடத்தில் இருப்பவன் அரண்மனைப் பொற்கொல்லன். அரசியின் சிலம்பைக் களவாடியவனும் அவன்தான். தன் களவை மறைக்க ஒருவன் தேவைப்பட்ட நேரத்தில் கோவலன் தானாக வந்து அவனிடம் விலை கேட்கிறான். யாரை விசாரிக்க வேண்டுமோ அவனே விசாரணை அதிகாரி. மன்னனின் குற்றம் அவன் விசாரிக்கவில்லை என்பது மட்டும் அல்ல. விசாரித்தான்; லாபம் யாருக்கோ அவனிடமே விசாரித்தான்.

இன்னொன்று. சிலம்புக்குள் என்ன இருக்கிறது என்பது நெடுஞ்செழியனுக்குத் தெரியும். வழக்குரை காதையில் கண்ணகி தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றதுமே அவன் தயங்காமல் தங்கள் சிலம்பின் பரல் முத்து என்கிறான். அறியாமை என்று அவனைக் காப்பாற்ற முடியாது. உடைத்துப் பார்க்க ஒரு நொடி போதும். அந்த நொடி முதல் நாள் அவனிடம் இல்லை. ஊடிப்போன தேவியைச் சமாதானப்படுத்தப் போய்க்கொண்டிருந்தான். தெரிந்ததைப் பயன்படுத்தாமல் விட்டதற்குத்தான் அவன் உயிரைக் கொடுக்கிறான். இளங்கோவின் மேதைமை இந்த இடத்தில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அறக்கடவுளையும் ஊழையும் பேசிக்கொண்டே, சம்பவத்தின் முடிச்சை ஓர் அலுவலகத் தவறின் அளவுக்குச் சிறியதாக வைத்திருக்கிறார்.

நான் இதை எளிதாக உணரக் காரணம் என் தொழில். ராதாபுரம் வட்டாரத்தில் ஒரு வங்கிக் கிளையில் நகைக்கடன் பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் ஊருக்குத் தாமிரபரணி வருவதில்லை. கோதையாற்றுத் தண்ணீர் கால்வாயில் வந்தால் உண்டு. மழையும் கால்வாயும் ஒன்றாகப் பொய்க்கிற ஆண்டுகளில் என் மேஜைக்கு முன்னால் வரிசை நீளும். வருகிறவர்கள் அவிழ்த்து வைக்கிற தோடுகளில் சிலவற்றில் கல் இருக்கும். கல்லுக்கு நாங்கள் ஒரு பைசா தருவதில்லை. மொத்த எடையில் கல் எடையைக் கழித்து, நிகரத் தங்கத்துக்கு மட்டுமே கடன். பாட்டி காலத்து ஏழுகல் தோட்டைக் கழற்றிக் கொடுத்த உவரிக்காரப் பெண்மணி ஒருவர், "அப்ப வைரம் கல்லுதானா தம்பி?" என்று கேட்டார். வங்கிக்கு அது வெறும் கல்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறகு படிவத்தில் கையெழுத்து வாங்கினேன். அந்தப் படிவம் சொல்வது: இந்த நகைகள் என் சொந்த நகைகள், இவற்றில் வேறு யாருக்கும் பாத்தியதை இல்லை. அவர் அதை வாசிக்கவில்லை. நானும் வாசித்துக் காட்டவில்லை. கையெழுத்து விழுந்ததும் நகை சுத்தமாகிவிட்டது.

இந்தக் கையெழுத்தைத்தான் உலக வைர வணிகம் ஓர் ஏற்பாடாக வைத்திருக்கிறது. அதன் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அங்கோலாவில் யுனிடா படையும், சியரா லியோனில் 1991-இல் போரைத் தொடங்கிய புரட்சி ஐக்கிய முன்னணியும் ஆற்றுப் படுகைகளில் தோண்டிய வைரத்தை விற்றுத் துப்பாக்கி வாங்கின. சியரா லியோனில் சாதாரண ஜனங்களின் கைகள் வெட்டப்பட்டன. ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 1998-இல் யுனிடாவின் வைரங்களுக்கும் 2000-இல் சியரா லியோனின் வைரங்களுக்கும் தடை விதித்தது. அந்த ஆண்டு மே மாதம் தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி நகரில் அரசுகளும் வணிகர்களும் தன்னார்வ அமைப்புகளும் கூடின. 2003 ஜனவரி 1 முதல் கிம்பர்லி சான்றிதழ் முறை நடைமுறைக்கு வந்தது. பட்டை தீட்டாத கற்கள் எல்லை தாண்டும்போது, மூடி முத்திரையிட்ட பெட்டியுடன் அரசின் சான்றிதழும் போக வேண்டும். இன்று 80-க்கும் மேற்பட்ட நாடுகள் இதில் இருக்கின்றன. இந்தியாவும் தொடக்கம் முதல் இருக்கிறது. உலகின் வைரங்களில் எண்ணிக்கையில் மிகப் பெரும் பகுதி சூரத்தில்தான் பட்டை தீட்டப்படுகிறது என்பதால் இந்தியா இல்லாமல் இந்த ஏற்பாடு நடக்காது.

இதில் ஒன்றுமே நடக்கவில்லை என்று எழுதினால் அது நேர்மையாகாது. போர்ப்படைகளின் வைரம் முன்பு போல் பகிரங்கமாகச் சந்தைக்கு வர முடியவில்லை. சியரா லியோன் படுகொலைகளுக்குத் துணைநின்ற லைபீரியாவின் முன்னாள் அதிபர் சார்ல்ஸ் டெய்லருக்கு 2012-இல் 50 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. ஆனால் இலக்கியம் படித்தவன் எந்த ஆவணத்தையும் வாசிப்பது போல இதையும் வாசித்தால், முக்கியமான சொல் எங்கே இருக்கிறது என்பது தெரியும். எது விலக்கப்பட்ட வைரம்? சட்டப்படி அமைந்த அரசைக் கவிழ்க்கப் போரிடும் கலகப் படைகளுக்கு நிதி தரும் கல். அரசே சுட்டால்? அந்த வரையறைக்குள் அது வராது.

இது கற்பனைக் கேள்வி அல்ல. ஜிம்பாப்வேயில் மராங்கே வயல்களில் 2006-இல் வைரம் தட்டுப்பட்டதும் ஏழைகள் ஆயிரக்கணக்கில் தோண்டப் போனார்கள். 2008-இன் இறுதியில் ராணுவம் அவர்களைத் துரத்தியது, ஹெலிகாப்டரிலிருந்தும் சுட்டது. 200-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக மனித உரிமைக் கண்காணிப்பகம் 2009-இல் அறிக்கை வெளியிட்டது. கொஞ்ச காலம் ஏற்றுமதி நிறுத்தப்பட்டது. 2011-இல் கிம்பர்லிக் கூட்டம் அனுமதி கொடுத்தது. இந்த முறை உருவாகக் காரணமாக இருந்தவற்றில் ஒன்றான குளோபல் விட்னஸ் என்ற அமைப்பு அந்த ஆண்டு டிசம்பரில் வெளியேறிவிட்டது. 2022-இல் உக்ரைன் போருக்குப் பின் ரஷ்ய வைரங்களைப் பற்றிப் பேச்சு எழுந்தபோதும் கிம்பர்லியால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் அங்கே எதுவும் நடக்கும். ஜி-7 நாடுகள் தனியாக 2024 முதல் தடை போட்டுக்கொண்டன.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. கிம்பர்லி சான்றிதழ் பட்டை தீட்டாத கல்லுக்கு மட்டும். சூரத்தில் சக்கரத்தின் மேல் கல் ஏறியதும் சான்றிதழின் ஆயுள் முடிந்துவிடுகிறது. அதற்குப் பின் ஒவ்வொரு வணிகனும் தன் ரசீதில் இந்தக் கற்கள் போருக்கு நிதி தராத நேர்மையான இடங்களில் வாங்கப்பட்டவை என்று ஒரு வாக்கியத்தை எழுதிக்கொள்கிறான். அடுத்தவன் அதை நம்பித் தன் ரசீதில் எழுதுகிறான். உவரிப் பெண்மணியின் கையெழுத்துதான். பல நாட்டுக் கற்கள் வணிக நகரங்களில் ஒன்றாகக் கலந்தபின், 'கலப்புப் பிறப்பிடம்' என்று எழுதிய சான்றிதழோடு மேலே போகின்றன. ஊர் கேட்டால் பல ஊர் என்று பதில். என் கடைப் பையன் சூரத்து என்று சொன்னது அவ்வளவு பெரிய பொய்யில்லை.

இந்தத் துறையின் அறிக்கைகளில் இரண்டு அடைமொழிகள் எப்போதும் ஜோடியாக வருகின்றன: அறத்துக்கு உட்பட்ட கொள்முதல், ரிஸ்க் குறைந்த கொள்முதல். இரண்டும் ஒன்றுதான் என்ற தோரணையில் வருகின்றன. வங்கியில் வேலை பார்க்கிறவன் இந்த இடத்தில் ஏமாற முடியாது. ரிஸ்க் என்பது யாருடைய ரிஸ்க்? கடன் கொடுக்கிறவனுடையது. எங்கள் கிளையில் ரிஸ்க் குறைந்த கடன் நகைக்கடன்; பத்திரம் இல்லாத வள்ளத்துக்காரனுக்குக் கொடுக்கும் கடன் ரிஸ்க். அவனைத் திருப்பி அனுப்பினால் என் ஏடு சுத்தமாக இருக்கும். அவன் எங்கே போவான் என்பது என் ஏட்டில் இல்லை. கந்துவட்டிக்காரனிடம் போவான். 2003-இலேயே அதற்குத் தடைச்சட்டம் வந்துவிட்டது. 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டித் தொல்லையால் தாயும் தகப்பனும் இரண்டு சிறு பெண் குழந்தைகளும் எரிந்ததை இந்த ஜில்லாவில் யாரும் மறந்திருக்க முடியாது. அன்று எங்கள் எல்லாருடைய ஏடுகளும் சுத்தமாகத்தான் இருந்தன.

வைரத்திலும் இதுவே. கம்பி வேலி போட்ட பெரிய சுரங்கம், போட்ஸ்வானாவிலோ கனடாவிலோ, ஒரே கம்பெனி, ஒரே கணக்கு: வாங்குகிறவனுக்கு ரிஸ்க் குறைவு. சல்லடையும் மண்வெட்டியுமாக ஆற்றுமணலில் நிற்கிற சியரா லியோன்காரன், காங்கோக்காரன்: ரிஸ்க். லட்சக்கணக்கான பேர் அப்படி நிற்கிறார்கள். அவர்களிடம் வாங்காமல் இருந்தால் கை சுத்தம். 2013-இல் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் ஏற்றுமதியைக் கிம்பர்லி நிறுத்தியது. 2024-இல்தான் அந்தத் தடை முழுதும் நீங்கியது. நடுவில் தோண்டுகிறவன் தோண்டாமல் இருந்தானா? கடத்தல்காரனிடம், அவன் சொன்ன விலைக்கு விற்றான். பெரிய சுரங்கம் உள்ள நாடுகளிலும் கேள்வி முடிந்துவிடவில்லை. போட்ஸ்வானாவில் மத்திய கலஹாரியிலிருந்து வெளியேற்றப்பட்ட சான் பழங்குடிகள் நீதிமன்றம் போய் 2006-இல் தங்கள் மண்ணில் வாழும் உரிமையைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. வைரத்துக்காக வெளியேற்றவில்லை என்றது அரசு. அதே காட்டுப் பகுதியில் 2014-இல் ஒரு வைரச் சுரங்கம் திறக்கப்பட்டது. ஒருவனுக்கு நல்லது செய்வதும் அவனால் தனக்குக் கெடுதல் வராமல் பார்த்துக்கொள்வதும் வெவ்வேறு காரியங்கள். இரண்டாவதைச் செய்துவிட்டு முதலாவதன் பெயரை எடுத்துக்கொள்வதற்குச் சான்றிதழ் உதவுகிறது.

மறுபடி காவியம். அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துகள் என்றேன். பாண்டியனின் முத்து என்றால் கொற்கை. தாமிரபரணி அன்று கடலில் கலந்த இடம். இன்று கடல் பின்வாங்கிக் கொற்கை உள்நாட்டுக் கிராமமாகிவிட்டது. கி.பி. முதல் நூற்றாண்டில் பெயர் தெரியாத ஒரு கிரேக்க வணிகன் எழுதிய 'எரித்ரியக் கடலின் பெரிப்ளஸ்' என்ற கையேடு குமரியிலிருந்து கொற்கை வரை உள்ள கரையைச் சொல்கிறது. அது எங்கள் கரை. உவரியும் இடிந்தகரையும் கூடங்குளமும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கின்றன. கொற்கையில் பாண்டியனுக்கு உரிய முத்துக்குளிப்பு நடக்கிறது என்று சொல்லிவிட்டு, கூடவே ஒரு தகவலைச் சரக்குக் கணக்கின் தொனியிலேயே அவன் சேர்க்கிறான்: அதைச் செய்பவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள்.

இதைப் படித்த நாளிலிருந்து வழக்குரை காதையை என்னால் பழையபடி படிக்க முடியவில்லை. பெரிப்ளஸின் காலமும் காவியத்தின் காலமும் ஒன்றல்ல; காவியத்தின் முத்தைக் கைதிதான் எடுத்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தண்டனையை முத்தாக மாற்றத் தெரிந்த ஓர் அரசு இந்தக் கரையில் இருந்திருக்கிறது. கள்வன் என்று ஒருவனைக் கொல்லும் மன்னனின் வீட்டுக் காலணியில், கள்வர் என்று கடலில் இறக்கப்பட்டவர்களின் மூச்சு பரலாகக் கிடந்திருக்கக்கூடும். அவர்களில் எத்தனை கோவலன்கள்? கண்ணகி உடைத்தது தன் சிலம்பை. அதிலிருந்து மாணிக்கம் தெறித்தது. அரசியின் சிலம்பை யாரும் உடைக்கவில்லை. உடைத்திருந்தால் முத்துதான் வந்திருக்கும், யாரும் திடுக்கிட்டிருக்க மாட்டார்கள்.

இளங்கோவிடம் இதைக் கேட்பது நியாயமா? இன்றைய தார்மிகத்தைத் தூக்கிக்கொண்டு போய் அன்றைய கவிஞனை நிறுத்தி வைத்து விசாரிப்பது விமர்சனத்தில் மலிந்துபோன விளையாட்டு. எனக்கு அதில் ருசி இல்லை. சங்கப் பாட்டுகளில் கொற்கை முத்து நிறைய வருகிறது. கடலில் மூழ்கும் பரதவரும் வருகிறார்கள். நெய்தல் நிலத்தின் காட்சியாக வருகிறார்கள். யாருடைய பல்லுக்கு முத்து உவமையோ அவளுக்குப் பின்னால் நிற்கிறார்கள். ஆனால் மற்ற நூல்களிடம் கேட்க முடியாததைச் சிலப்பதிகாரத்திடம் கேட்கலாம். காரணம், நகையின் உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்வியை எழுப்பியதே அதுதான். 'யாருடையது' என்ற கேள்வி வரை அது வந்தது. 'யாரிடமிருந்து' என்பதற்கு இன்னும் ஒரு அடிதான். அந்த அடி எடுக்கப்படவில்லை. கண்ணகியின் மாணிக்கம் எங்கிருந்து வந்தது என்றும் காவியம் சொல்லவில்லை. அவள் கடல் வணிகன் மாநாய்கனின் மகள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

அடி எடுக்கப்படாததன் விளைவு காவியத்திலேயே இருக்கிறது. முகப்பில் உள்ள உரைபெறு கட்டுரையும் பின்னால் நீர்ப்படைக் காதையும் ஒரு செய்தியைச் சொல்கின்றன. மதுரை எரிந்தபின் பாண்டிய நாட்டில் மழை பொய்த்து வறுமையும் நோயும் வந்தன. கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகிக்குச் சாந்தியாக ஒரே பகலில் ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுத்தான். பிறகு மழை பெய்தது. கொற்கையில் இருந்துகொண்டு இதைச் செய்தான் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். தவறு செய்தவன் ஒரு பொற்கொல்லன். ஆணையிட்டவன் ஒரு மன்னன். கணக்குத் தீர்க்கப்பட்டது ஆயிரம் தொழிலாளிகள் மேல். காவியம் இதைப் பரிகாரம் என்று ஏற்றுக்கொண்டு மேலே போகிறது. நாமும் பள்ளிக்கூடத்திலிருந்து இதைத் தாண்டியே போய்க்கொண்டிருக்கிறோம்.

எங்கள் கிளைக்கு நகை மதிப்பிட வருகிற அப்ரைசர் அறுபது வயதைத் தாண்டிய ஆசாரி. தப்பு நகை மாட்டினால் முதலில் அவர் தலைதான் உருளும். ஒரு மத்தியானம் கூட்டம் இல்லாதபோது அவரிடம் இதைச் சொன்னேன். "அண்ணாச்சி, சிலப்பதிகாரத்துல கடைசியில ஆயிரம் ஆசாரியள வெட்டிட்டானாம்."

அவர் உரைகல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அந்த ஆயிரத்துல எத்தன பேரு சார் அந்தச் சிலம்பக் கண்ணால பாத்திருப்பான்?" என்றார். பிறகு அடுத்த பொட்டலத்தைப் பிரித்தார்.

அந்தக் கதையைப் பற்றி நான் படித்த கட்டுரைகள் எதிலும் இவ்வளவு நேரான வாக்கியம் கிடையாது. 2008-இன் இறுதியில் அமெரிக்கச் சந்தை சரிந்து சூரத்தில் பட்டறைகள் மூடி ஏராளமான பேர் வேலை இழந்தபோதும், கலஹாரியிலும் மராங்கேயிலும், கேட்க வேண்டியிருந்த கேள்வி அதுதான். மேலே யாரோ செய்த கணக்குக்குக் கீழே யாரோ ஆயிரமாகிறார்கள்.

தூரத்து உதாரணங்களிலேயே நின்றால் ஒரு சௌகரியம் இருக்கிறது. எனவே வீட்டுக்குப் பக்கத்தில் ஒன்று. எங்கள் கடற்கரை மணலில் கார்னெட், இல்மனைட், மோனசைட் எல்லாம் இருக்கின்றன. அலை ஒதுங்கிய இடத்தில் மணல் மாணிக்கப் பொடி தூவியது போல் சிவந்து கிடக்கும். சிறுவயதில் அதை அள்ளிப் போய் விளையாடியிருக்கிறேன். அந்த மணல் பல ஆண்டுகள் லாரி லாரியாகப் போயிற்று. விதிமீறல் புகார்கள் பெருத்தபின் 2013-இல் தமிழக அரசு தாதுமணல் எடுக்கத் தடை விதித்தது. 2025 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் தடையை உறுதிசெய்து மத்தியப் புலனாய்வு விசாரணைக்கு உத்தரவிட்டது. இத்தனை ஆண்டுகளில் கடலைப் பற்றி எத்தனை கவிதை எழுதியிருக்கிறோம் என்று என் பழைய நோட்டுகளைப் புரட்டினேன். என்னுடையவற்றிலேயே அலை உண்டு, நிலா உண்டு, தனிமை உண்டு. லாரி ஒன்றுகூட இல்லை. நான் அந்தச் சாலையில்தான் தினமும் பஸ்ஸில் போனேன்.

ஆகவே நண்பரின் 11 வைரங்களை நான் குறை சொல்வது ஒரு சக குற்றவாளியாக. அவரிடம் நான் எதிர்பார்ப்பது என்ன? வைரம் என்றதும் ரத்தம் என்று எழுதுவதை அல்ல. அதுவும் இப்போது தயாராகக் கிடைக்கிறது. ஹாலிவுட் 2006-இலேயே அந்தப் பெயரில் படம் எடுத்துப் பணமும் பண்ணிவிட்டது. கண்ணீர் வைரம் என்று எழுதின இடத்தில் ரத்த வைரம் என்று எழுதினால் கவிஞன் தனக்குத்தானே ஒரு சான்றிதழ் கொடுத்துக்கொள்கிறான். போருக்கு நிதி தராத கவிதை என்று ரசீதில் எழுதுகிற வாக்கியம் அது. வாசகனும் தன் பங்குக்குக் கையெழுத்திட்டு நகர்ந்துவிடுவான். முற்போக்குக் கவிதைகளில் பெரும்பகுதி இப்படித்தான் கைமாறிக்கொண்டிருக்கிறது.

ஒரு சொல் கவிதைக்குள் வருமுன் எத்தனை கை மாறி வந்திருக்கிறது என்பது அதை எடுக்கிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வைரம் நிலைபேற்றின் குறி என்பது நம் மரபு தந்ததுபோல் தோன்றுகிறது. அதைக் காதலோடும் கல்யாணத்தோடும் உலகம் முழுக்க ஒட்டவைத்ததில் 1947-இல் பிரான்சிஸ் கெரட்டி என்ற அமெரிக்கப் பெண்மணி டி பியர்ஸ் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்த நான்கு சொல் விளம்பரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இந்த நூற்றாண்டிலும் சென்ற நூற்றாண்டிலும் அதைவிட அதிகம் பேரைப் பாதித்த கவிதை வரி இருக்கிறதா என்பது சந்தேகம். நண்பர் தாம் சிலம்பிலிருந்து எடுத்ததாக நினைக்கலாம். கல் பல ஊர்களில் கலந்துவிட்டது. அவர் அதை உடைத்துப் பார்க்கவில்லை.

நம் வட்டத்தின் முன்னுரைகளுக்கும் இது பொருந்தும். இருநூறு, முன்னூறு பேர் படிக்கிற பத்திரிகைகளில் நாமே எழுதி, நாமே ஒருவருக்கொருவர் சான்று தருகிறோம். அசல் குரல் என்கிறோம். அசல் என்றால் எங்கிருந்து என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் அடுத்த இதழில் நம் புத்தகத்துக்கு மதிப்புரை வராது. லாபம் யாருக்கோ அவனிடமே விசாரிக்கிற வழக்கம் மதுரை அரண்மனையோடு முடிந்துவிடவில்லை.

இதையெல்லாம் ஒரு நீண்ட கடிதமாக எழுதி, முன்னுரை தர இயலவில்லை என்று சொல்லிப் பிரதியைத் திருப்பி அனுப்பினேன். ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. கோபப்படவில்லை. 7 இடங்களில் சொல்லை எடுத்துவிட்டதாகவும் 4 இடங்களில் எடுக்க முடியவில்லை என்றும் எழுதியிருந்தார். கீழே ஒரு வரி: "நீ அந்த மூக்குத்தியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டாயா?"

கொடுக்கவில்லை. ராதாபுரம் வரகுணபாண்டீஸ்வரர் கோயிலில் வைத்துக் கல்யாணம் நடந்தது. அக்கா மகள் குனிந்து கும்பிட்டபோது கல் மின்னியது. அழகாகத்தான் இருந்தது. "எந்தக் கடையில வாங்குனீங்க மாமா?" என்று கேட்டாள். கடை பெயரைச் சொன்னேன்.